பட்டறையில் நடக்கும் யுத்தம்

வீடியோ விளையாட்டுகளில், மெக் என்று ரசிகர்கள் சுருக்கமாக வழங்கும் மனித வடிவப் போர் யந்திரங்களை ஆடுபவனே பாகம் பாகமாகப் பூட்டி, எதிரியும் தானும் முறை வைத்துக்கொண்டு கட்டங்களில் நகர்த்திப் பொருதும் ஒரு தனி வகை உண்டு. அவ்வகையில் ஈடுபட்ட ஒருவனை ஓர் இரவு முழுவதும் அருகிலிருந்து கவனிப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் புலப்படும். குண்டுகள் பறக்கும் போர்க்களத் திரையில் அவன் செலவிடும் நேரத்துக்குச் சற்றும் குறையாத நேரத்தை, பட்டியல்களும் எண்களும் மாத்திரம் நிறைந்த ஒரு பட்டறைத் திரையில் அவன் சந்தோஷமாகச் செலவிடுகிறான். இடக்கையைக் கழற்றி வேறொன்றை மாட்டுகிறான். எடை மிகுந்துவிட்டது என்று திரை எச்சரித்ததும் பெருமூச்செறிந்து முதுகுச் சுமையைக் கழற்றுகிறான். கல்யாணப் புடவை எடுக்க வந்த குடும்பத்தைப் போல, எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து வைத்துவிடுகிறான். யுத்தத்தை நாடி வந்தவனை இந்தப் பட்டறை எவ்வாறு இப்படிக் கட்டிப்போடுகிறது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

இதற்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் சமாதானம் ஒன்று உண்டு. சிறியவனான மனிதன், மலைபோன்ற ஒரு யந்திரத்துக்குள் புகுந்து பெரியவனாகும் கற்பனையில் திளைக்கிறான் என்பார்கள். அது பொய்யல்ல, ஆனால் போதாது. பலத்தின் போதைதான் காரணமென்றால், அதை நேராக ஊட்டும் அதிரடி விளையாட்டுகளுக்குக் குறைவில்லை. 2002-ஆம் ஆண்டில் காப்காம் நிறுவனம், ஏறக்குறைய நாற்பது பொத்தான்களும் இரண்டு நெம்புகோல்களும் கால்மிதிகளும் கொண்ட ஒரு பிரம்மாண்டமான கட்டுப்பாட்டுப் பலகையோடு ஸ்டீல் பட்டாலியன் என்ற விளையாட்டை விற்றது. யந்திரத்துக்குள் அமர்ந்திருக்கும் உணர்ச்சிக்கு அதைக் காட்டிலும் மேலான உபாயம் இல்லை. அப்படியிருந்தும், மேலேயிருந்து பொம்மைகளைப் பார்ப்பதுபோல் பார்த்து, ஒவ்வொரு அடிக்கும் நின்று நிதானித்து யோசிக்க வேண்டிய இந்த மந்தகதி விளையாட்டுகளுக்கு விசுவாசமான ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளாக இருந்துவருகிறார்கள் என்றால், அவர்களை இழுக்கும் ஆகர்ஷணம் வேறோர் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

அந்த இடத்தைக் காண, விளையாட்டுப் பலகையின் மேலுள்ள காயின் சரித்திரத்தைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது பயனுடையது. சதுரங்கத்தில் காய் என்பது பிளவுபடாத ஒரு வஸ்து. யானை நிற்கிறது, அல்லது வெட்டுப்படுகிறது. காயம்பட்ட யானை என்று ஒன்று அங்கே கிடையாது. பிரஷ்ய ராணுவ அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824-இல் தம் நாட்டு ராணுவத்தின் பயிற்சிக்காக முறைப்படுத்திக் கொடுத்த போர் விளையாட்டில், தாயக்கட்டைகளை உருட்டி நஷ்டத்தைக் கணக்கிடும் வழக்கம் வந்தது. படை ஒன்று முழுதாக அழியாமல் சிறிது சிறிதாகத் தேயலாம் என்ற உண்மையும் அதனோடு பலகையின் மேல் ஏறிற்று. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் 1974-இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், படைக்குரிய அந்தத் தேய்மானக் கணக்கைத் தனி மனிதனுக்குப் பொருத்தி, வீரனுடைய உயிரை ஓர் எண்ணாக்கியது. ஆயினும் அந்த வீரனும் ஒருவகையில் சதுரங்க யானையே. அவனுடைய எண் முப்பதிலிருந்து மூன்றாகக் குறைந்தாலும், கடைசிப் புள்ளி போகும்வரை அவன் முழுப் பலத்தோடு வாள் வீசுகிறான். எந்தக் கை அறுந்தது, எந்தக் கால் ஒடிந்தது என்று அந்த எண் சொல்வதில்லை. மனித உடலை அவ்வளவு நுட்பமாகக் கூறுபோட்டுக் காட்டுவது பார்க்கச் சகிக்காது என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம். யந்திரத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. அதன் கையை வெட்டலாம், காலை ஒடிக்கலாம், மறுநாள் வேறொன்றை மாட்டியும் விடலாம். காய்க்கு அங்கங்கள் முளைத்தது மெக் விளையாட்டில்தான் என்று நான் கருதுகிறேன்.

இந்த யந்திரம் பிறந்து வளர்ந்த வீடு ஜப்பான். மிட்சுடெரு யோகோயாமா 1956-இல் தொடங்கிய டெட்சுஜின் 28 என்ற சித்திரக் கதையில், ராட்சத இரும்பு மனிதனை ஒரு சிறுவன் கையடக்கமான கருவியால் தூரத்திலிருந்து இயக்கினான். அந்தக் கருவி யார் கையில் இருக்கிறதோ அவன் சொன்னபடி யந்திரம் கேட்கும். கோ நாகாய் 1972-இல் படைத்த மாஸிங்கர் ஸெட், சிறுவனை யந்திரத்தின் தலைக்குள்ளேயே ஏற்றிவிட்டது. அன்று முதல் யந்திரத்தின் காயம் ஓட்டுபவனின் காயமும் ஆயிற்று. யோஷியுகி டொமினோவின் மொபைல் ஸூட் கண்டம் தொலைக்காட்சித் தொடர் 1979-இல் வந்தபோது, அந்த யந்திரம் தெய்வாம்சம் முற்றும் நீங்கி, தொழிற்சாலையில் உற்பத்தியாகி, தோட்டா தீர்ந்தால் நிற்கும் ஒரு ராணுவச் சாமானாகிவிட்டது. பொம்மை வியாபாரம் எதிர்பார்த்தபடி நடவாமையால் 52 பகுதிகளாகத் திட்டமிட்ட அத்தொடரை 43 பகுதிகளோடு முடித்துக்கொண்டார்கள் என்பது, பின்னால் அது அடைந்த கீர்த்தியை நினைத்தால் ஒரு வேடிக்கை. ரியோசுகே தகஹாஷியின் டக்ரம் 1981-இலும் வோட்டம்ஸ் 1983-இலும் வந்தன. வோட்டம்ஸில் யந்திரம் எவ்விதப் பெருமையும் அற்றது. சேதமானால் வீசியெறிந்துவிட்டு வேறொன்றில் ஏறிக்கொள்ளலாம்.

இந்தத் தொடர்களைக் காட்டிலும் நம் ஆராய்ச்சிக்கு முக்கியமானது, 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 300 யென் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்த சிறு பிளாஸ்டிக் பெட்டிதான். அதற்குள் 144-இல் ஒரு பங்கு அளவில், கண்டம் யந்திரம் உதிரிப் பாகங்களாகக் கிடந்தது. அவற்றைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து, அரம் கொண்டு தேய்த்து, பசையிட்டு ஒட்டி, வர்ணம் பூசி முடித்த பிள்ளைகள், கூடிய விரைவில் ஒரு பெட்டியின் கையை மற்றொரு பெட்டியின் உடலில் ஒட்டிப் பார்க்கவும் தலைப்பட்டார்கள். தொலைக்காட்சி கதாநாயகனுக்குச் சொந்தமாயிருந்த யந்திரம், ஒட்டிய பசை விரலில் காய்வதற்குள் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாகிவிட்டது. பிற்காலத்து விளையாட்டுகளின் பட்டறைத் திரையில் நாம் காணும் ஆனந்தத்தின் பூர்வாசிரமம் இதுவே.

அந்த ஆனந்தத்தைக் கணக்காக்கிக் கட்டுப்படுத்திய பெருமை அமெரிக்கர்களுக்கு உரியது. சிகாகோ நகரத்தில் ஜோர்டன் வைஸ்மனும் அவருடைய நண்பர் ராஸ் பாப்காக்கும் நடத்திவந்த ஃபாஸா என்ற கம்பெனி, 1984-இல் பேட்டில்டிராய்ட்ஸ் என்னும் மேஜை விளையாட்டை வெளியிட்டது. பெயரின் பிற்பகுதி ஸ்டார் வார்ஸ் உரிமையாளர்களுக்குச் சொந்தமானதாகையால், மறு பதிப்பில் பேட்டில்டெக் என்று மாற்றிக்கொண்டார்கள். அதன் யந்திர உருவங்களில் பல, டக்ரம், மாக்ராஸ் முதலிய ஜப்பானியத் தொடர்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அதனால் எழுந்த உரிமைத் தகராறு பின்னால் நீதிமன்றம் வரை போய், அந்த உருவங்களை வெகுகாலம் புத்தகங்களிலிருந்தே மறைத்துவைக்கும்படி செய்துவிட்டது. உருவம் கடன் வாங்கியதாயினும் உள்ளடக்கம் அவர்களுடையது. யந்திரங்கள் 20 டன்னிலிருந்து 100 டன் வரை, ஐந்தைந்தாக ஏறும் எடை வகுப்புகளில் நிற்கின்றன. எஞ்சின், எலும்புக்கூடு, கவசம், ஆயுதம், தோட்டா, குளிர்விக்கும் ஹீட் சிங்க் ஆகிய யாவும் அந்த எடைக்குள்ளேயே அடங்க வேண்டும். அரை டன் மிகுந்தாலும் யந்திரம் செல்லாது.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஹஞ்ச்பேக் என்ற 50 டன் யந்திரத்தின் தோளில் 14 டன் எடையுள்ள பீரங்கி ஒன்று திமில்போல் அமர்ந்திருக்கிறது. அதற்கு வேண்டிய பத்துக் குண்டுகள் இரண்டு டன். ஒரு குண்டு பட்டால் பட்ட இடத்தில் 20 புள்ளி சேதம். எவ்வளவு பெரிய யந்திரமாயினும் தலைக்கு அளிக்கக்கூடிய கவசமும் உள்ளெலும்பும் சேர்த்து 12 புள்ளிதான் என்பதால், இந்தக் குண்டு தலையில் விழுந்தால் 100 டன் ராட்சதனும் அத்துடன் சரி. இரண்டு தாயக்கட்டைகளில் பன்னிரண்டு விழுந்தால் தலை. அதாவது பட்ட குண்டுகளில் முப்பத்தாறில் ஒன்று. இனி, அந்தப் பீரங்கியையும் குண்டுகளையும் கழற்றிவிட்டால் கிடைக்கும் 16 டன்னில் என்ன செய்யலாம் என்று யோசிப்போம். ஒரு டன் எடையுள்ள நடுத்தர லேசர்கள் ஆறும், ஒரு டன் எடையுள்ள ஹீட் சிங்க்குகள் பத்தும் துல்லியமாக அங்கே அடங்கும். அதே யந்திரத்தின் வேறொரு மாதிரி உள்ளபடியே இவ்விதம்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆறு லேசர்களும் பட்டால் சேதம் 30 புள்ளி. பீரங்கியை விடப் பாதி அதிகம். பாய்ந்து செல்லும் தூரமோ இரண்டுக்கும் ஒன்றே. குண்டு தீரும் கவலை இல்லை; எதிரியின் அடி தோட்டாப் பெட்டியில் பட்டு, உள்ளிருந்தே யந்திரம் வெடித்துச் சிதறும் பயமும் இல்லை.

அப்படியானால் பீரங்கியை எவன் வைத்துக்கொள்வான் என்று தோன்றும். அங்கேதான் கணக்கு தன் குறும்பைக் காட்டுகிறது. லேசர் ஒவ்வொன்றும் தனித்தனியே தாயம் உருட்டப்பட்டு, ஒன்று கையிலும் ஒன்று காலிலும் ஒன்று மார்பிலுமாகச் சிதறி ஐந்தைந்து புள்ளியாக விழுகிறது; ஒரே இடத்தில் இருபதாக விழும் அந்தப் பயங்கரம் அதற்குக் கிடையாது. அன்றியும் இரண்டு கைகளிலும் முன்பே இருந்த லேசர்களைச் சேர்த்து எட்டையும், தலையிலுள்ள சிறு லேசரையும் ஒருங்கே இயக்கினால், பிறக்கும் வெப்பம் 25. தணிக்கும் ஹீட் சிங்க்குகள் 23. நடந்துகொண்டே சுட்டால் இன்னும் ஒன்று கூடும். மிஞ்சிய வெப்பம் அடுத்த முறைக்குத் தங்கி, யந்திரத்தை மந்தமாக்கி, குறியைத் தவறச் செய்து, எல்லை மீறினால் எதிரியின் நடுவிலேயே அதை நிறுத்திவிடும். ஆகவே எட்டு லேசர் வைத்திருப்பவன் எட்டையும் எப்போதும் சுட முடியாது. இந்த முறை எதை அடக்குவது என்ற கேள்வி அவனை விடாமல் தொடர்கிறது. பீரங்கிக்காரனுக்கோ அந்தக் கவலை குறைவு. ஆனால் பத்தே குண்டுகள். ஒருவன் பொறுமைசாலியா, சூதாடியா, பயந்தவனா என்பதை அவனுடைய யந்திரத்தின் எடைச் சீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சுதந்திரம் எல்லையற்றதாயிருந்தால் இந்தச் சுவை பிறவாது. எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்றால், எல்லாரும் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளாக வந்து நிற்பார்கள். விருத்தத்தின் ஓசைக்குள்ளும் வெண்பாவின் தளைக்குள்ளும் நின்றுகொண்டே தனக்கென ஒரு குரலைக் கண்டவர்களைப் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யந்திரம் தன்னுடையதாகும் உணர்ச்சி, அதற்குக் கொடுத்தவற்றால் பிறப்பதைக் காட்டிலும், அதற்காக விட்டுக்கொடுத்தவற்றால்தான் பிறக்கிறது. கவசத்தில் ஒரு டன் குறைத்து வேகத்தை வாங்கியவன், பிறகு அந்தக் குறைந்த கவசம் துளைபடும்போது எதிரியைத் திட்டுவதில்லை. தன் கணக்கையே நொந்துகொள்கிறான். அந்த நொந்துகொள்ளலில் ஓர் அந்தரங்கமான உரிமை இருக்கிறது.

ஜப்பானில் இந்த வித்தையைக் கதையோடு கலந்து பக்குவப்படுத்திய நூல், நூல் என்றே சொல்லத் துணிகிறேன், 1995 பிப்ரவரியில் ஸ்குவேர் நிறுவனம் சூப்பர் ஃபாமிகாம் பெட்டிக்கு வெளியிட்ட ஃப்ரண்ட் மிஷன். தோஷிரோ ட்சுச்சிடா தலைமையில் ஜி-கிராஃப்ட் என்ற சிறு குழு அதை உருவாக்கிற்று. பாத்திரங்களை வரைந்தவர் ஃபைனல் ஃபாண்டஸி ஓவியங்களால் பிரசித்தி பெற்ற யோஷிடாகா அமானோ. இசை யோகோ ஷிமோமுரா, நோரிகோ மாட்சுஎடா ஆகிய இருவருடையது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே நின்டெண்டோவின் ஃபயர் எம்பளம், போர்க் காய்களுக்குப் பெயரும் முகமும் கொடுத்து, களத்தில் இறந்தவன் பிறகு வரவே மாட்டான் என்ற கடுமையான நியாயத்தையும் நாட்டிவிட்டிருந்தது. ஃப்ரண்ட் மிஷன் அந்த முகங்களை எடுத்து வான்ஸர் என்ற யந்திரங்களுக்குள் வைத்தது. 2090-ஆம் ஆண்டு, பசிபிக் சமுத்திரத்தில் ஹஃப்மன் என்ற தீவு, அதன் உரிமைக்காக ஓஷியானியக் கூட்டமைப்பும் அமெரிக்கக் கண்டத்தின் ஐக்கிய அரசும் நடத்தும் யுத்தம், அதில் கூலிப்படையாளாக வந்து சேரும் ராய்ட் கிளைவ் என்ற மாஜி ராணுவத் தலைவன். கதையின் சட்டம் இவ்வளவே.

வான்ஸருக்கு உடல், இரண்டு கைகள், கால்கள் என நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தாங்குசக்தி. உடல் அழிந்தால் எல்லாம் முடிந்தது. கை போனால் அதில் பிடித்திருந்த ஆயுதமும் போயிற்று. கால் போனால் யந்திரம் நின்ற இடத்தில் ஏறக்குறைய நங்கூரமிட்டதுபோல் ஆகிவிடும். இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் பலவாகச் சிதறி எங்கெங்கோ படும். ரைஃபிளின் ஒரே குண்டு ஓரிடத்தில் ஆழமாகப் பாயும். வேண்டிய பாகத்தை நோக்கிச் சுடும் வித்தை, ஓட்டுநன் பல போர்களில் பழகிய பிறகே கைவருவது. அது வந்த நாளில் விளையாட்டின் முகமே மாறிவிடுகிறது. எதிரியைக் கொல்வதா, அவன் வலக்கையை மாத்திரம் வாங்கிவிட்டு அடுத்தவனைப் பார்க்கப் போவதா என்ற ஆலோசனை அன்று முதல் ஆரம்பமாகிறது. வான்ஸரின் மொத்த எடை அதன் எஞ்சின் தரும் சக்தியைத் தாண்டக் கூடாது என்பது பட்டறைச் சட்டம். ஜேட் மெட்டல் லைமன், ஷ்னெக்கே, டயாப்லே ஏவியானிக்ஸ் முதலிய கற்பனைக் கம்பெனிகளின் முத்திரையோடு பாகங்கள் கடையில் வரிசையாகக் கிடக்கின்றன. சிறிது நாள் ஆடியவனுக்கு அந்தப் பெயர்கள், மோட்டார்கார் பிரியர்களுக்கு நிஜக் கம்பெனிகளின் பெயர்கள் எப்படியோ அப்படிப் பழகிவிடும். யந்திரத்துக்கு வர்ணமும் தீட்டிக்கொள்ளலாம். வர்ணத்தால் யுத்தத்தில் எள்ளளவு லாபமும் கிடையாது. ஆனாலும் அதைத் தீட்டாமல் களத்துக்குப் போகிறவர்கள் அபூர்வம்.

இவ்வளவும் கேட்ட ஒரு சாது, மனிதக் கொலையை இப்படிக் கூட்டல் கழித்தல் கணக்காக்குவது தகுமா என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். இதற்கு ரசிகர்கள் சொல்லும் வழக்கமான பதில், அடிபடுவது இரும்புதானே என்பது. அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. இவ்வகையின் சிறந்த படைப்புகள் அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் இல்லை.

வைஸ்மன் பின்னாளில் மிட்ச் கிட்டல்மனோடு தொடங்கிய ஹேர்பிரெய்ன்ட் ஸ்கீம்ஸ் நிறுவனம், ரசிகர்களிடமே 2015-இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் நன்கொடையாக இருபத்தேழு லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, 2018 ஏப்ரலில் பேட்டில்டெக்கைக் கம்ப்யூட்டர் விளையாட்டாக வெளியிட்டது. அதில் நாம் ஒரு கூலிப்படையின் முதலாளி. மாதம் பிறந்தால் ஓட்டுநர்களுக்குச் சம்பளம், யந்திரங்களுக்குப் பராமரிப்புச் செலவு. கஜானா வற்றினால் ஆட்டம் முடிந்தது. உடைந்த கையைச் சரிசெய்யப் பணம் மட்டுமன்றி நாட்களும் ஆகும். காயம்பட்ட ஓட்டுநன் மருத்துவ அறையில் வாரக்கணக்கில் கிடப்பான். ஒப்பந்தம் பேசும்போதே, ரொக்கத்தை அதிகம் கேட்பதா, களத்தில் சிதறிக் கிடக்கும் எதிரியின் பாகங்களில் பங்கை அதிகம் கேட்பதா என்று பேரம் செய்ய வேண்டும். புதிய யந்திரத்தைக் கடையில் முழுசாக வாங்குவது அரிது; எதிரிகளிடமிருந்து ஒரே ரகத்தின் மூன்று பங்குகள் சேர்ந்தால் ஒன்று நமக்குச் சொந்தமாகும். இந்த மூன்று பங்கின் கணக்கைச் சற்றுக் கவனிக்க வேண்டும். எதிரி யந்திரத்தின் நடுமார்பைப் பிளந்து அழித்தால் கிடைப்பது ஒரே பங்கு. இரண்டு கால்களையும் ஒடித்து வீழ்த்தினால் இரண்டு. யந்திரத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல், உள்ளே இருக்கும் ஓட்டுநனை மட்டும் கொன்றுவிட்டால் மூன்றும் ஒருங்கே கிடைக்கும்.

அதாவது, அந்த முழு யந்திரத்தில் மிகவும் மலிவான பாகம் மனிதன். விளையாட்டு இதை எங்கும் உபதேசமாகச் சொல்லவில்லை. ஒரு வசனமும் இல்லை. ஆடுபவன்தான் ஒரு நாள், வீழ்ந்து கிடக்கும் யந்திரத்தின் எந்தப் பாகத்தைக் குறிவைப்பது என்று பட்டியலைப் பார்க்கும்போது, விலை மதிப்புள்ள கைகளையும் கால்களையும் பத்திரமாக விட்டுவிட்டுத் தன் சுட்டி தானாகவே தலையை நோக்கி நகர்வதைக் காண்கிறான். கூலிப்படையின் தர்மம் என்ன என்பதை விளக்கப் பல பக்கங்கள் எழுதும் நாவலாசிரியர்கள், இந்த ஒரு சுட்டி நகர்வுக்கு ஈடாகச் செய்தது குறைவு என்பது என் அபிப்பிராயம். மனசாட்சியைக் கலக்கும் இத்தகைய கணக்குகளை ஆசிரியர்கள் திட்டமிட்டே வைத்தார்களா, வியாபாரச் சமநிலைக்காக வைத்தது தற்செயலாக இப்படி அமைந்ததா என்று கேட்டால், அதனால் பலன் மாறுவதில்லை என்பேன்.

ஃப்ரண்ட் மிஷன் இதே விஷயத்தை இன்னும் கொடூரமாகவும் இன்னும் மென்மையாகவும் தொட்டது. முப்பது ஆண்டுப் பழமையான கதையானாலும், அதன் மர்மம் கெடுவதை விரும்பாதோர் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.

ராய்டுக்கு நிச்சயமான பெண் கேரன். கதையின் முதல் களத்திலேயே, டிரிஸ்கால் என்ற எதிரியின் தாக்குதலில் அவளுடைய வான்ஸர் அகப்பட்டுக்கொள்கிறது. அவளை இழந்தவனாக ராய்ட் கூலிப்படைக்கு வருகிறான். போரின் போக்கில் ஒரு ரகசியம் வெளியாகிறது. பிடிபட்ட வீரர்களின் மூளைகளை எடுத்து, வான்ஸரை இயக்கும் கம்ப்யூட்டர்களாக மாற்றும் ஆராய்ச்சி ஒன்று நடந்திருக்கிறது. அவ்வாறு மாற்றப்பட்டவற்றுள் ஒன்று கேரனுடையது. அது டிரிஸ்காலின் யந்திரத்துக்குள்ளேயே பூட்டப்பட்டு இத்தனை நாளும் அவனுக்காகக் குறிபார்த்திருக்கிறது. அதை ராய்ட் மீட்கிறான். அடுத்தமுறை நாம் பட்டறைத் திரையைத் திறக்கும்போது, கம்ப்யூட்டர் என்ற தலைப்பின் கீழ், வழக்கமான பாகங்களின் வரிசையில், அவள் பெயரோடு அது இருக்கிறது. மற்றவற்றைவிடத் திறமை வாய்ந்த பாகம். ராய்டின் யந்திரத்தில் மட்டுமே பொருந்தும். மாட்டுவதா, வேண்டாமா? இருபது மணி நேரத்துக்கு மேலாகப் பாகங்களை ஒப்பிட்டு, எண் அதிகமுள்ளதைத் தேர்ந்தெடுத்துப் பழகிப்போன விரல், இங்கே ஒரு கணம் நிற்கிறது. மாட்டினால், காதலியைத் தன்னருகே வைத்துக்கொண்டான் என்றும் சொல்லலாம். டிரிஸ்கால் செய்ததையே தானும் செய்தான் என்றும் சொல்லலாம். கதை இதற்குத் தீர்ப்பு வழங்குவதில்லை. தீர்ப்பு முழுவதும் ஒரு பட்டியலில் ஒரு வரியைத் தொடுவதிலோ தொடாதிருப்பதிலோ அடங்கிவிடுகிறது. சோகத்தைச் சினிமா காட்சியாக எத்தனையோ விளையாட்டுகள் காட்டியிருக்கின்றன. சோகத்தை ஓர் உதிரிப் பாகமாக்கி ஆடுபவன் கையில் கொடுத்தது இந்த ஒன்றே என்று சொன்னாலும் பெரிய மிகையாகாது. பட்டறையே கதை சொல்லும் இடமாகிவிட்ட அந்த நிமிஷத்தில், இவ்வகை தன்னால் மாத்திரமே செய்யக்கூடியதைச் செய்துவிட்டது.

புகழ்ச்சியோடு குறையையும் சொல்ல வேண்டும். மேற்சொன்ன இரண்டு படைப்புகளுமே தங்கள் பிற்பகுதியில் தளர்ந்துபோகின்றன. பணம் பெருகப் பெருக ஃப்ரண்ட் மிஷனில் புதிய கடை வந்ததும் பழைய பாகத்தைவிட எல்லா விதத்திலும் மேலான பாகத்தை எல்லாருக்கும் வாங்கி மாட்டிவிடலாம். அங்கே விட்டுக்கொடுப்பது எதுவுமில்லை, வாங்கிச் சேர்ப்பதே உண்டு. 2018-இன் பேட்டில்டெக்கிலும், களத்துக்கு நான்கு யந்திரங்களையே அனுப்ப முடியும் என்பதால், கடைசியில் நான்கும் கனமான வகுப்பாகவே போய் நிற்கின்றன. விரைந்து ஓடும் 20 டன் யந்திரத்துக்குக் கதையின் பிற்பாதியில் வேலை இல்லை. வரம்பு தளர்ந்த இடத்தில் சுவையும் தளர்கிறது. சூப்பர் ரோபோ வார்ஸ் என்ற நெடிய வரிசை 1991 முதல் வந்துகொண்டிருக்கிறது. பல தொலைக்காட்சித் தொடர்களின் யந்திரங்கள் ஒரே களத்தில் கூடும் திருவிழா அது. அங்கே யந்திரத்துக்குப் பணம் கொடுத்துப் பலம் ஏற்றலாமே தவிர, பிரித்துப் பூட்டுவது முக்கியமல்ல. பழைய கதாநாயகர்களைத் தரிசிக்கும் பக்தியே பிரதானம். அது வேறு ரசம். இங்கே அதை விஸ்தரிக்க வேண்டியதில்லை.

தளர்ச்சிக்கு மருந்து கண்டவர்கள் ஜஸ்டின் மாவும் மாத்யூ டேவிஸும். அவர்களுடைய சப்செட் கேம்ஸ் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட இன்டு தி பிரீச், சதுரங்கப் பலகையைப் போலவே எட்டுக்கு எட்டுக் கட்டம். நம் பக்கத்தில் மூன்றே யந்திரங்கள். எதிரி அடுத்து எதைத் தாக்கப்போகிறான் என்பதை முன்கூட்டியே திரையில் காட்டிவிடுவதால், அதிர்ஷ்டத்தின் மீது பழிபோட வழியில்லை. ஆயுதங்களை இயக்கும் சக்திக் கருக்கள் ஒன்றிரண்டாகவே கிடைக்கும்; கடைசிவரை அவை எல்லாவற்றுக்கும் போதா. நகரத்துக் கட்டடங்களைக் காப்பதா, தன் யந்திரத்தைக் காப்பதா என்ற கேள்வியும் ஒவ்வொரு முறையும் எழுகிறது. கச்சிதத்தில் இதற்கு இணையில்லை. ஆனால் அந்தக் கச்சிதத்துக்கு அது கொடுத்த விலை, பாகங்களின் செழிப்பு. கைவேறு கால்வேறாக யந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் பட்டறை அங்கே இல்லை. ஆகவே ஹஞ்ச்பேக்கின் எடைச் சீட்டைப் போல ஆளை அடையாளம் காட்டும் சீட்டும் அங்கே பிறப்பதில்லை. எனக்குக் குறையோடு கூடிய செழிப்பே விருப்பம் என்று ஒப்புக்கொள்கிறேன். குறையற்ற கச்சிதத்தை நாடுவோரின் ருசியையும் மறுக்க மாட்டேன்.

ஃப்ரண்ட் மிஷன் ஜப்பானுக்கு வெளியே ஆங்கிலத்தில் முறையாக வந்து சேர, 2007-இல் நின்டெண்டோ டிஎஸ் பதிப்பு வரும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இப்போது, 2022 நவம்பரில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் அதன்பின் மற்றப் பெட்டிகளுக்கும் வந்த மறு ஆக்கத்தில், பழைய கட்டமைப்பு சிதையாமல் அது கிடைக்கிறது. இத்துறையில் புதிதாகப் பிரவேசிப்போர் அதிலிருந்தே தொடங்கலாம். கடைக்குள் நுழைந்ததும் விலையுயர்ந்த துப்பாக்கியை நோக்கிப் போகாமல், முதலில் ஒரு நல்ல ஜோடிக் கால்களை வாங்கிக்கொள்ளுங்கள்.